எஃப்.எம் ஸ்டேஷன்கள் ஏன் தேய்கின்றன? 2030-க்குள் மாற வேண்டியது என்ன?

இந்தியாவில் 113 நகரங்களில் 388 தனியார் எஃப்.எம் ஸ்டேஷன்கள் இருப்பதாகச் சொல்கின்றன டிராய் வெளியிடும் புள்ளிவிவரங்கள். இதை மட்டும் பார்த்தால் ‘எல்லாம் நல்லாத்தானே போகுது’ என்று தோன்றும். வருமானக் கணக்கைப் பார்த்தால் கதை வேறு.

ஃபிக்கி – இ.ஒய் ஆண்டறிக்கைகளின்படி, 2019-ல் இந்திய ரேடியோ துறையின் வருமானம் சுமார் 3,100 கோடி ரூபாய். கொரோனா வந்த 2020-ல் அது பாதிக்கும் கீழே, சுமார் 1,400 கோடியாகச் சரிந்தது. அதன்பிறகு மெல்ல ஏறி, 2024-ல் சுமார் 2,500 கோடிக்கு வந்திருக்கிறது. அதாவது ஐந்து வருடம் கழித்தும் பழைய இடத்தைத் தொடவில்லை. இந்த ஐந்து வருட விலைவாசி உயர்வையும் சேர்த்தால் பள்ளம் இன்னும் ஆழம். இந்தியாவின் மொத்த ஊடக, பொழுதுபோக்குத் துறை 100 ரூபாய் சம்பாதித்தால், அதில் ரேடியோவின் பங்கு இப்போது 1 ரூபாய்தான்.

“ஸ்பாட்டிஃபை வந்துடுச்சு, அவ்ளோதான்” என்று இதை முடித்துவிடலாமா? முடியாது. அது பாதிக் காரணம் மட்டுமே. மீதி, உரிமக் கட்டணத்திலும் விதிகளிலும் இருக்கிறது.

எஃப்.எம் எப்படித் தொடங்கியது?

‘அலைவரிசை பொதுச்சொத்து, அது அரசின் ஏகபோகம் அல்ல’ என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாகவே தனியாருக்கு வழி திறந்தது. நாட்டின் முதல் தனியார் எஃப்.எம் ஸ்டேஷனாக, பெங்களூரில் ரேடியோ சிட்டி 2001 ஜூலையில் ஒலிக்கத் தொடங்கியது.

முதல் கட்டத்தில் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15% ஏறும் என்பது விதி. முதல் வருடம் 100 ரூபாய் என்றால், பத்தாவது வருடம் சுமார் 352 ரூபாய். ஏலம் எடுத்த பலர் ஸ்டேஷன் தொடங்காமலே விலகினார்கள். 2005-ல் வந்த இரண்டாம் கட்டத்தில், ஒருமுறை நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு, பிறகு வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் முறைக்கு மாற்றினார்கள். அதன் பிறகுதான் மதுரை, திருச்சி எல்லாம் ‘நம்ம ஊரு எஃப்.எம்’ கேட்டன.

வருமானம் குறைந்தாலும் கட்டணம் குறையாதா?

குறையாது. இப்போது நடப்பது மூன்றாம் கட்டம். இதன்படி ஒரு ஸ்டேஷன் ஆண்டுதோறும் கட்ட வேண்டியது மொத்த வருமானத்தில் 4%, அல்லது அந்த நகரத்துக்கான நுழைவுக் கட்டணத்தில் 2.5%. இரண்டில் எது அதிகமோ அது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு நகரத்தின் நுழைவுக் கட்டணம் 40 கோடி. அதில் 2.5% என்றால் 1 கோடி. ஸ்டேஷன் 25 கோடி சம்பாதித்தால், 4% என்பதும் அதே 1 கோடிதான், பிரச்னை இல்லை. வருமானம் 10 கோடியாக விழுந்துவிட்டால்? 4% கணக்கில் 40 லட்சம் கட்டினால் போதும். ஆனா விதிப்படி 1 கோடி கட்டியே ஆகணும். அதாவது வருமானத்தில் 10%. கஷ்டம் கூடக் கூட, கட்டணத்தின் பாரமும் கூடும்.

இதற்கு மேல் பாடல்களுக்கான ராயல்டி, டவர் வாடகை, மின்சாரம், சம்பளம் எல்லாம் இருக்கின்றன. 58 ஸ்டேஷன்கள் கொண்ட பிக் எஃப்.எம் நெட்வொர்க் திவால் நடவடிக்கைக்குப் போய், 2024-ல் புதிய உரிமையாளரிடம் கைமாறியது. டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் எஃப்.எம் நடத்திய டிவி டுடே நிறுவனம், அந்தத் தொழிலிலிருந்து வெளியேறும் முடிவை 2025 ஜனவரியில் அறிவித்தது.

விளம்பரம் எங்கே போனது?

ரேடியோவின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரம்தான். ஊர் நகைக்கடை, ஜவுளிக்கடை, அப்பார்ட்மென்ட் பில்டர் ஆகியோர்தான் அதன் முதுகெலும்பு. ‘என் கடையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் 25 முதல் 35 வயதுப் பெண்களுக்கு மட்டும் காட்டு’ என்று அந்தக் கடைக்காரர் இன்று இன்ஸ்டாகிராமிடம் சொல்ல முடியும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அன்று இரவே கணக்கும் வந்துவிடும்.

ரேடியோவால் அந்தக் கணக்கைக் கொடுக்க முடியவில்லை. 2007-ல் தொடங்கிய ரேடியோ நேயர் கணக்கெடுப்பு டெல்லி, மும்பை, பெங்களூர், கொல்கத்தா ஆகிய 4 நகரங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. சென்னை அதில் இல்லை. ‘எத்தனை பேர் கேட்கிறாங்க?’ என்று விளம்பரதாரர் கேட்டால், கையில் உறுதியான எண் இல்லாமல் பேரம் பேச வேண்டிய நிலை.

இன்னொரு பக்கம், கேட்கும் கருவியே கைநழுவுகிறது. போனில் எஃப்.எம் கேட்க ஒயர் ஹெட்போன்தான் ஆன்டெனா. நீங்கள் ப்ளூடூத் இயர்பட்ஸுக்கு மாறி, போனில் ஹெட்போன் துளையும் காணாமல் போனபோது, சத்தமில்லாமல் ரேடியோவும் போய்விட்டது. போன்களில் எஃப்.எம் வசதியை முடக்க வேண்டாம் என்று மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023-ல் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. அது அறிவுரைதான், சட்டம் அல்ல.

எல்லா ஸ்டேஷனும் ஒரே மாதிரி இருப்பது ஏன்?

முதல் காரணம் சிக்கனம். ஒரு நிறுவனம் தன் ஸ்டேஷன்களுக்குள் ஒரே நிகழ்ச்சியைப் பகிரலாம் என்று மூன்றாம் கட்ட விதி அனுமதித்தது. ஒரு ஊரில் பேசும் ஆர்ஜேயை வைத்து மற்ற ஊர்களையும் ஓட்டலாம். செலவு குறையும், கூடவே ‘உள்ளூர்’ என்பதும் குறையும்.

இரண்டாவது காரணம் செய்தித் தடை. தனியார் எஃப்.எம் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே, மாற்றாமல் ஒலிபரப்பலாம். டிராஃபிக், வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு ஆகியவற்றைச் சொல்லலாம். குடிநீர், மின்தடை, இயற்கைப் பேரிடர் பற்றிய அறிவிப்புகளும் சரி. ஆனால் அவை உள்ளூர் நிர்வாகம் கொடுத்த தகவலாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? ‘நாளை உங்கள் ஏரியாவில் தண்ணீர் வராது’ என்று மாநகராட்சி சொன்னதை ஆர்ஜே சொல்லலாம். ‘ஏன் மூன்று வாரமா வரலை?’ என்று விசாரித்துச் செய்தியாகத் தர முடியாது. டிவிக்கும் யூடியூப் சேனலுக்கும் இல்லாத தடை இது. பாட்டை எந்த ஆப்பும் தரும். உள்ளூர்ச் செய்தி ஒன்றுதான் ரேடியோவின் தனிப் பலமாக இருந்திருக்கும், அதற்குத்தான் பூட்டு.

எனக்கு இதனால் என்ன நஷ்டம்?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். கரண்ட் இல்லை, பல இடங்களில் மொபைல் சிக்னலும் இல்லை. டவர் விழுந்தால் ஆப் வேலை செய்யாது. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ செட்டுக்கு டேட்டா தேவையில்லை. அதைக் கேட்க சந்தாவும் வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் தெருவின் பெயர் தெரிந்த ஒருவர் மைக் முன்னால் இருக்க வேண்டும். ஸ்டேஷன் பெயருக்கு இருந்து, ஆள் வேறு ஊரில் இருந்தால் பயன் குறைவு.

அடுத்து என்ன?

டிராய் 2023 செப்டம்பரில் சில பரிந்துரைகள் செய்தது. நுழைவுக் கட்டணத்தோடு உரிமக் கட்டணத்தை முடிச்சுப்போடுவதைக் கைவிட வேண்டும், ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் வரை செய்திக்கு அனுமதிக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, 234 புதிய நகரங்களில் 730 சேனல்களை ஏலம் விட ஒப்புதல் தந்தது. மொத்த அடிப்படை விலை 784.87 கோடி ரூபாய். ஜி.எஸ்.டி நீங்கலாக வருமானத்தில் 4% கட்டணம் என்ற எளிய கணக்கு இந்தப் புதிய நகரங்களுக்கு உண்டு. திண்டுக்கல், கரூர், தஞ்சாவூர் போன்ற ஊர்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

கவனிக்க வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்கு மாறிய ஸ்டேஷன்களின் 15 ஆண்டு உரிமம் 2015 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. அது 2030 மார்ச் 31-ல் முடிகிறது. நீங்கள் கேட்டு வளர்ந்த ஸ்டேஷன்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் வரும். பழைய கட்டணமும் பழைய தடையும் அப்படியே தொடர்ந்தால், மறுபடி கோடிகளைக் கொட்டி உரிமம் எடுக்க எத்தனை பேர் முன்வருவார்கள் என்பதுதான் கேள்வி. நீங்கள் காரில் எஃப்.எம் போடுவதால் மட்டும் அதற்குப் பதில் கிடைக்காது. முடிவு, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் மேஜையில் இருக்கிறது.