மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி: கேட்டுப் பெறும் வழி என்ன?

புதுதில்லி: எட்டு மணி நேரத்துக்கு 80 ரூபாய் கூலி என்றால், 12 மணி நேரத்துக்கு 120 ரூபாய். பள்ளிக் கணக்குப்போலத் தோன்றும் இந்த உதாரணம், 2020 ஏப்ரல் 17-ஆம் தேதி குஜராத் அரசு வெளியிட்ட அறிவிக்கையில் இடம்பெற்றது. கரோனா பொதுமுடக்கத்தைக் காரணம் காட்டி, தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரமும், வாரத்துக்கு 72 மணி நேரமும் வேலை வாங்க அந்த அறிவிக்கை அனுமதித்தது.

நாளுக்கு 9 மணி அல்லது வாரத்துக்கு 48 மணியைத் தாண்டிய வேலைக்கு இரட்டிப்புக் கூலி தரவேண்டும் என்றது அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதன்படி வாரம் 72 மணி நேரம் உழைப்பவருக்குச் சேரவேண்டியது 960 ரூபாய். அறிவிக்கை தந்ததோ 720 ரூபாய். மீதி 240 ரூபாய் யாருடைய பையில் தங்கியது என்பதை விளக்கவேண்டியதில்லை.

இதை எதிர்த்து குஜராத் மஸ்தூர் சபா உச்ச நீதிமன்றத்தை அணுகியது. நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், இந்து மல்ஹோத்ரா, கே.எம். ஜோசப் ஆகியோரடங்கிய அமர்வு, அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி அறிவிக்கையை ரத்து செய்தது. போர், அந்நிய ஆக்கிரமிப்பு, உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் நாட்டின் பாதுகாப்பே ஆபத்துக்குள்ளாகும் நிலையைத்தான் அந்தச் சட்டம் 'பொது அவசரநிலை' என்றது. பொருளாதார மந்தம் அதில் சேராது என்றனர் நீதிபதிகள். அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, ஏற்கெனவே செய்து முடித்த மிகைநேர வேலைக்கும் உரிய கூலியைத் தர உத்தரவிட்டனர்.

தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்னர்தான், எதிர்க்கட்சிகள் புறக்கணித்த அவைகளில் மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நிறைவேறின. 2019-இல் நிறைவேறிய ஊதியத் தொகுப்புச் சட்டத்தையும் சேர்த்து, நான்கும் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தன. இவற்றைத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. எனினும், பாதிக்கப்பட்டவருக்குப் பயன்படும் பிரிவுகளும் அவற்றில் இருக்கின்றன. மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். கூலியும் இரட்டிப்பாகவே தொடர்கிறது. ஊதியத்தையோ வேலை நேரத்தையோ பாதகமாக மாற்ற நினைக்கும் நிர்வாகம் 21 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். குறைத்துத் தந்த ஊதியத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குள் உரிமை கோரலாம். தொழிலாளிக்குப் பதிலாகப் பதிவுபெற்ற சங்கமே மனு செய்யலாம். பாக்கியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது.

ஆனால், "இன்று எட்டு மணிவரை இருந்துவிட்டுப் போங்கள்" என்ற உத்தரவு எழுத்தில் வருவதில்லை. ஆகவே, வந்துபோன நேரத்தை அன்றன்றே குறித்துவைப்பதும், ஊதியச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவதும், வாய்மொழி உத்தரவுக்கு எழுத்தில் விளக்கம் கேட்பதும் பின்னாளில் பெரிதும் உதவும். தேதியிடாத சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுவதைப்போல ஆபத்தானது வேறில்லை. தனியாக மனு கொடுப்பவர் எளிதில் குறிவைக்கப்படுவார். பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் நிர்வாகம் யோசிக்கும்.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா, கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் ஒன்றாக எதிர்த்ததால் சில தினங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அதைத் திரும்பப் பெறும் அறிவிப்பு மே தினத்தன்று வந்தது.

சிக்கல், 'மேலாளர்' என்ற பட்டம் சூட்டப்பட்ட கணினி நிறுவன ஊழியர்களுக்கு. நிர்வாகப் பணியில் இருப்போர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். பதவியின் பெயரைவிடச் செய்யும் வேலையே முக்கியம் என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருந்தும், அதை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலையவேண்டியுள்ளது. பணி நேரத்துக்குப் பிந்தைய அழைப்புகளை மறுக்கும் உரிமை கோரி சுப்ரியா சுலே 2018-இல் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2025 டிசம்பரில் மீண்டும் கொண்டுவந்தார். தனிநபர் மசோதா ஒன்று இரு அவைகளிலும் கடைசியாக நிறைவேறியது 1970-இல்.