பழைய காரின் பின்செல் விளக்கு

காங்கேசன்துறையின் குறுகிய ஒழுங்கைகளில் இரவிலே காரைப் பின்னோக்கிச் செலுத்துவோர்க்குத் துவிச்சக்கரவண்டியில் வருவாரைக் காட்டுவது பின்செல் விளக்கே. 1948 முதல் 1971 வரை ஆக்கப்பெற்ற மொறிஸ் மைனரில் அது பெரும்பாலும் உடையோர் பின்னர்ப் பொருத்தியதாகும். ஆதலின் மின்கம்பி செல்லும் வழி காருக்குக் கார் வேறுபடும்.

விளக்கு இரண்டும் எரியாவிடின் உருகியையும் ஆளியையும் நோக்குக. ஆளியின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடுத்தவுடன் எரியுமாயின் பழுது ஆளியினதே. ஒன்றுமட்டும் மங்குமாயின் மின்குமிழின்மேற் பழிபோடற்க. விளக்குக்கூடு காரின் உடலைத் தொடுமிடத்தைத் துருநீங்கச் சுரண்டுக. மின்னோட்டம் மீளும் வழி அதுவே, கடலுப்புக் காற்று விரைந்து அரிப்பதும் அதனையே.

புதிய எல்.ஈ.டி. குமிழ் எரியாமைக்கு வேறு காரணமுமுண்டு. முற்பட்ட மைனர்களில் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். முனை மாறின் அக்குமிழ்களுட் பல ஒளிரா. பழைய இழைக்குமிழுக்கு அவ்வேறுபாடில்லை.