ரிட்லி துரையின் காட்டு நெல்

தேக்காவில் பொன்னி அரிசி வாங்க வந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி போட்டார். ஜொகூர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மருந்துப் பம்பைத் தோளில் சுமந்தவர். "ஏன் தம்பி, ஊர்ல வயலுக்கு வருசா வருசம் மருந்தடிக்கிறாங்க. காட்டுல தானா மொளைக்கிற நெல்லுக்கு யாரு அடிக்கிறா?"

நியாயமான கேள்வி. பதிலைப் பூமலையிலிருந்து தொடங்கலாம். 1888-இல் அந்தத் தோட்டத்துக்குத் தலைவராக வந்தவர் ரிட்லி துரை. மரம் கெடாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவர் அவர்தான். அவர் பெயரை ஒரு காட்டு நெல்லும் சுமக்கிறது: ஒரைசா ரிட்லியை. மலாயாக் காட்டில் நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வளர்வது. குருத்துப்பூச்சியின் தாக்குதலை அது தாங்கி நிற்கிறது என்று பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டிருக்கிறார்கள்.

எப்படித்தான் தாங்குகின்றன இந்தப் பயிர்கள்? வைக்கோல் போரில் புரண்டவர்களுக்குச் சுனை தெரியும், உடம்பெல்லாம் அரிக்கும். நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலையிலும் தாளிலும் படிய வைக்கிறது. மணலில் இருக்கும் அதே சரக்குதான். அது மிகுந்த பயிரைக் கடிக்கும் துளைப்பான் புழுவின் தாடை தேய்ந்துபோகிறது என்று அந்த நிலையத்தார் 1967-இல் எழுதினார்கள். பல் போன கிழவனுக்கு முறுக்கு கொடுத்த கதைதான்! தண்டின் உள்துளை குறுகலாக இருந்தாலும், இலை உறை தண்டை இறுக்கிப் பிடித்திருந்தாலும் புழுவுக்கு உள்ளே நுழைவதும் பிழைப்பதும் சிரமம். ஆப்பிரிக்கக் காட்டு நெல்லான பிராக்கியாந்தாவுக்கு இலை மிக ஒல்லி. இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அது எளிதில் மசிவதில்லை.

நாட்டு நெல்லெல்லாம் கோழை என்று சொல்லிவிடக் கூடாது. திருவள்ளூர்ப் பக்கத்து டி.கே.எம்.6 துளைப்பானைத் தாங்கியதால்தான் அதைச் சேர்த்து ஐ.ஆர்.20 உண்டாக்கினார்கள்.

இதெல்லாம் வெறும் செடி ஆராய்ச்சி இல்லை. மருந்து கூடக்கூட வயலில் சிலந்தி செத்தது, புகையான் பெருகியது. அதனால்தான் 1986-இல் பக்கத்து இந்தோனேசியா 57 மருந்துகளை நெல்வயலில் தடுத்தது. அடிக்கிறவன் மூக்கில் ஏறுவதும் அந்த மருந்துதானே.

ஆனால் ரிட்லி நெல்லை நம் நெல்லோடு சேர்ப்பது லேசல்ல. நம் நெல்லுக்கு 24 குரோமோசோம், அதற்கு 48.

பெரியவரிடம் இவ்வளவும் சொன்னோம். "அதைப் பொங்கிச் சாப்பிடலாமா?" என்றார். முற்றினதும் மணி உதிர்ந்துபோகும் ஐயா, அறுக்க ஒன்றும் மிஞ்சாது என்றோம். சிரித்துக்கொண்டே பொன்னி மூட்டையைத் தூக்கினார்.