குளிர்ப் பொறியும் தொழில்வினைஞரும்

குளிர்ப் பொறி குளிரைப் படைப்பதில்லை. அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுசெல்கின்றது. குழாயினுள்ளே திரவம் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்கின்றது. அமுக்கியால் நெருக்கப்பட்ட அவ்வாவி வெளியே வெப்பத்தை இழந்து மீண்டும் திரவமாகின்றது.

இச்சுற்றிலுள்ள வாயு தானே தேய்வதில்லை. குறையுமாயின், எங்கோ கசிகின்றதென்பதே பொருள். ஆதலின், தேர்ந்த தொழில்வினைஞர் வந்தவுடன் வாயுவை நிரப்பமாட்டார். இணைப்புகளிற் சவர்க்கார நுரையைப் பூசிக் குமிழி எழுமிடத்தைக் கண்டறிவார். எஞ்சிய வாயுவை வெளியே விடாது கலத்திற் சேர்ப்பார். கசிவை அடைத்து, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பியால் அகற்றிய பின்னரே நிரப்புவார்.

இக்கவனத்துக்குக் காரணமுண்டு. முன்னர் வழங்கிய குளோரோபுளோரோகாபன் வாயுக்கள் ஓசோன் படையைச் சிதைக்கக்கூடுமென 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் விஞ்ஞானிகள் எடுத்துரைத்தனர். 1987இல் உருவான மொன்றியல் உடன்படிக்கை அவற்றைக் கட்டுப்படுத்திற்று. மாற்றாக வந்தவற்றுட் பல ஓசோனைச் சிதையாவெனினும் புவியைச் சூடாக்குவன. ஆகவே, கசிவை அடைக்காது வாயுவை மட்டும் நிரப்புவித்தல் வீட்டாருக்கும் உலகுக்கும் நட்டமேயாகும்.