கோடுகளைக் கடந்த ஆட்டம்

காஞ்சிபுரம் நகரை அடுத்து அமைந்த ஊர் ஏனாத்தூர். நெசவையும் உழவையும் வாழ்வாகக் கொண்ட சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மாணவியர் பலர் இங்குள்ள கல்வி நிலையங்களுக்கு நாள்தோறும் வந்து பயில்கின்றனர். இத்தகைய ஊரகக் கல்லூரி ஒன்றின் மகளிர் கூடைப்பந்து அணி, தொடர்போட்டியின் ஓர் ஆட்டத்தில் வென்றால் அது நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக வெளிவரும். அணியின் பெயர், இரு தரப்புப் புள்ளிகள், கோப்பையுடன் ஒரு நிழற்படம், அவ்வளவே. அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. பெண்கள் கூடைப்பந்து ஆடலாமா, ஆடினால் களத்தில் எவ்வளவு தொலைவு ஓடலாம் என்பனவெல்லாம் ஒரு காலத்தில் பிறர் முடிவு செய்தவை. அந்த முடிவுகள் ஆடுகளத்தின் தரையில் கோடுகளாகவே வரையப்பட்டிருந்தன.

கூடை பிறந்த கதை

1891ஆம் ஆண்டு திசம்பர் மாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் அரங்கத்துக்குள்ளேயே ஆடத்தக்க விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். பீச் பழக்கூடைகள் இரண்டு பத்தடி உயரத்தில் கட்டப்பட்டன. விதிகள் பதின்மூன்று, அணிக்கு ஒன்பது பேர். பந்து கூடைக்குள் விழும்போதெல்லாம் ஏணியில் ஏறி அதனை எடுக்க வேண்டியிருந்தது. கூடையின் அடியைத் திறந்துவிடலாம் என்னும் எண்ணம் உடனே எவருக்கும் தோன்றவில்லை என்பது வியப்பே. கூடை மறைந்து இரும்பு வளையமும் வலையும் வந்துவிட்டன. எனினும் அந்தப் பத்தடி உயரம், அதாவது 3.05 மீட்டர், இன்றளவும் மாறவில்லை. ஆடவர்க்கும் மகளிர்க்கும் அதே உயரந்தான்.

ஆட்டம் தோன்றிய சில வாரங்களிலேயே அருகிலிருந்த பள்ளியின் ஆசிரியைகள் அதனைக் கண்டு, தாமும் ஆட விரும்பினர். தொடக்கக் காலத்தில் ஆடிய மகளிருள் ஒருவரான மாட் ஷெர்மனை 1894இல் நெய்ஸ்மித் மணந்தார் என்பது இவ்வரலாற்றின் இனிய கிளைச்செய்தி.

மூன்றாகப் பகுத்த களம்

ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகில் நார்த்தாம்டன் என்னும் ஊரில் உள்ளது ஸ்மித் மகளிர் கல்லூரி. 1892இன் தொடக்கத்தில் அங்கு உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்தவர் செண்டா பெரன்சன். லிதுவேனியாவில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவர், இளமையில் உடல்நலம் குன்றியிருந்தார். அதனைத் தேற்றிக்கொள்ளவே உடற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். பயிற்சியை முதலில் வெறுத்தவர் பின்னர் அதனையே வாழ்க்கைப் பணியாக ஏற்றார். நெய்ஸ்மித்தின் புதிய ஆட்டத்தைப் பற்றிப் படித்தறிந்த அவர், தம் மாணவியர்க்கு அதனைக் கற்பித்தார்.

1893ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், அக்கல்லூரியின் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் மோதினர். ஆடவர் உள்ளே நுழைய இசைவு இல்லை. ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை மேலே எறிந்த அந்தக் கணத்திலேயே முதலாண்டு மாணவி ஒருவரின் தோள்மூட்டு விலகியது. அதைச் சரிசெய்த பின்னர் ஆட்டம் தொடர்ந்தது. 5–4 என இரண்டாமாண்டு அணி வென்றது. பெண்கள் ஓடியாடினால் உடல் கெடும், நரம்பு தளரும், பெண்மை குறையும் என்றெல்லாம் மருத்துவரும் கல்வியாளரும் நம்பிய காலம் அது. முதல் ஆட்டத்திலேயே ஒருவர் காயமுற்றது அந்த நம்பிக்கைக்கு வலுவூட்டக்கூடிய நிகழ்வு. எனினும் ஆட்டம் கைவிடப்படவில்லை.

கைவிடப்படாமைக்குப் பெரன்சன் வகுத்த விதிகளும் ஒரு காரணம். அவர் களத்தைக் குறுக்குக் கோடுகளால் மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதிக்கும் உரிய வீராங்கனையர் அங்கேயே நிற்க வேண்டும்; கோட்டைத் தாண்டலாகாது. எதிரியின் கையிலுள்ள பந்தைப் பறித்தல் கூடாது. பந்தை மூன்று நொடிக்குமேல் கையில் வைத்திருத்தலும், மூன்று முறைக்குமேல் தரையில் தட்டுதலும் கூடா. கூடைக்கு அருகில் நிறுத்தப்பட்டவர் மட்டுமே புள்ளி எடுப்பார். மற்றொரு கோடியில் நிற்பவர் ஆட்டம் முழுவதும் தடுத்துக்கொண்டே இருப்பார். ஒரு கூடையிலிருந்து மறு கூடை வரை ஓடும் இன்பம் எவர்க்கும் இல்லை.

இன்று அந்தக் கோடுகளைப் பழிப்பது எளிது. ஆனால், கோடுகள் இல்லாத ஆட்டத்தை அன்றைய கல்லூரி நிர்வாகங்கள் பெண்களுக்கு ஒப்பியிருக்குமா என்பது ஐயமே. காக்கும் வேலியாக எழுந்ததே பின்னர்க் கட்டும் வேலியாயிற்று; பெண்களின் உடல் பற்றிய அச்சம் தணிந்த பின்னும் கோடுகள் அழியாமல் நின்றன. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பள்ளிகளில், நடுக்கோட்டைத் தாண்டாமல் அணிக்கு அறுவர் ஆடும் முறை 1993 வரை நீடித்தது. தமிழகப் பள்ளிகளில் ஆடப்படும் நெட்பால் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்கினால் பழைய கோடுகளின் சாயலை இன்றும் காணலாம். மகளிர் கூடைப்பந்திலிருந்து இங்கிலாந்தில் கிளைத்த அவ்வாட்டத்தில் களம் மூன்று பகுதிகளாகவே உள்ளது. பந்தை மூன்று நொடிக்குமேல் வைத்திருத்தல் இன்றும் குற்றமே.

இரண்டுக்கு ஒன்று

ஒரே கல்லூரிக்குள் ஆடுவது ஒன்று. மற்றொரு கல்லூரியை எதிர்த்து ஆடுவது வேறொன்று. பின்னதில் ஊர் கூடும்; வெற்றி தோல்வி பேசப்படும். 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மகளிர் அணியும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மகளிர் அணியும் மோதின. பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடைபெற்ற முதல் மகளிர் கூடைப்பந்து ஆட்டமாக இதுவே போற்றப்படுகிறது. அணிக்கு ஒன்பதின்மர் ஆடினர். பார்வையாளர் ஏறத்தாழ எழுநூற்றுவர், அனைவரும் பெண்கள். 2–1 என்னும் கணக்கில் ஸ்டான்ஃபோர்டு வென்றது.

முழு ஆட்டத்திலும் மூன்றே புள்ளிகள்தாமா என இன்றைய மாணவியர் நகைக்கக்கூடும். பந்தைக் கூடைக்குள் எறிவது அன்று அவ்வளவு அரிதாக இருந்தது. ஆனால், புள்ளிகளைவிடக் கருதத்தக்கது அடுத்து நேர்ந்தது. வென்ற அந்தப் பல்கலைக்கழகமே சில ஆண்டுகளுக்குள் தன் மகளிர் அணிகள் பிற கல்லூரிகளுடன் மோதுவதைத் தடை செய்தது. கோப்பையை இழந்த அணிக்கு மறு ஆண்டு உண்டு. ஆடும் உரிமையை இழந்த அணிக்கு அதுவும் இல்லை. பெரிய வெற்றி பெற்றதனால் மட்டும் ஓர் அணி நிலைத்துவிடுவதில்லை என்பதை அந்நிகழ்வு காட்டிற்று.

கோடுகள் மெல்ல மெல்லவே மறைந்தன. 1953இல் சிலி நாட்டின் சாண்டியாகோவில் மகளிருக்கான முதல் உலகக் கூடைப்பந்துப் போட்டி நடைபெற்றது. ஐவர் அணியாக முழுக் களத்திலும் ஆடும் முறை அமெரிக்கக் கல்லூரி மகளிர்க்கு 1971இல்தான் வந்தது. அதற்கடுத்த ஆண்டு, கல்வி நிலையங்களில் பாலின வேறுபாட்டைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. ஒலிம்பிக்கில் ஆடவர் கூடைப்பந்து 1936இல் பெர்லினில் சேர்க்கப்பட்டது. மகளிர் கூடைப்பந்து 1976இல் மாண்ட்ரீலில்தான் இடம்பெற்றது. இடைவெளி நாற்பது ஆண்டுகள்.

சென்னை வழியாக

இந்தியாவுக்கு இவ்வாட்டத்தைக் கொணர்ந்தது ஒய்.எம்.சி.ஏ. இயக்கமே. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தென்னாட்டுப் பள்ளி கல்லூரிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கி அனுப்பியது. அவ்வாசிரியர்கள் சென்ற இடமெல்லாம் கூடைப்பந்துக் கம்பங்களும் நாட்டப்பட்டன. ஆயினும் நெடுங்காலம் பள்ளி மாணவியர்க்கு உரியவை என எறிபந்தும் வளையப்பந்தும் ஒதுக்கப்பட்டன. அவ்விரண்டிலும் வலைக்கு இப்பால் ஓர் அணி, அப்பால் ஓர் அணி. உடலோடு உடல் உரசுவதில்லை. அவை சிறந்த ஆட்டங்களே. எனினும், உரசலும் மோதலும் நிறைந்த கூடைப்பந்து பெண்களுக்கு ஆகாது என்னும் பழைய எண்ணம் அந்த ஒதுக்கீட்டில் இருந்ததை மறுக்க இயலாது.

இறுதி நாற்பது நொடிகள்

இன்றைய ஆட்டம் எத்தகையது? களத்தின் நீளம் 28 மீட்டர். அகலம் 15 மீட்டர். பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். களத்தில் அணிக்கு ஐவர். மகளிர் ஆடும் பந்து ஆடவர் பந்தைவிடச் சற்றே சிறியது. ஏனைய விதிகளில் வேறுபாடு இல்லை. பந்தைப் பெற்ற அணி எட்டு நொடிகளுக்குள் நடுக்கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். தாண்டாதே என்றிருந்த விதி, தாண்டாவிட்டால் பந்தை இழப்பாய் என மாறிவிட்டது. மேலும், 24 நொடிகளுக்குள் வளையத்தை நோக்கி எறிதல் வேண்டும்.

கல்லூரி அணி ஒன்று ஒரு புள்ளி முன்னிலையில் இருப்பதாகக் கொள்வோம். பந்து அதன் கையில். எஞ்சியவை 40 நொடிகள். 24 நொடிகளையும் பயன்படுத்தி அந்த அணி எறிந்தால் கடிகாரத்தில் 16 நொடிகள் மிஞ்சும். எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து எதிரணியின் கையில் சேர்ந்தால், வெற்றியைப் பறிக்க அவர்களுக்கு அந்தப் பதினாறு நொடிகள் போதும். மாறாக, தெறித்த பந்தை எறிந்த அணியே மீண்டும் கைப்பற்றினால் அதற்குப் புதிதாக 14 நொடிகள் கிடைக்கும். எதிரணிக்கு எஞ்சுவது இரண்டே நொடிகள். 'ரீபவுண்ட்' என வீராங்கனையர் அழைக்கும் இந்த மீள்பந்தைப் பிடிக்க உயரம் மட்டும் போதாது. பந்து எறியப்பட்டவுடன் தன் முதுகால் எதிராளியை அணைகட்டி, வளையத்துக்கும் அவருக்கும் இடையே இடம்பிடித்தல் வேண்டும். புள்ளிப் பட்டியலின் முதல் வரியில் இவ்வேலையைச் செய்தவர் பெயர் பெரும்பாலும் வருவதில்லை.

நேரத்தை நிறுத்த எதிரணி வேண்டுமென்றே 'ஃபவுல்' செய்வதும் உண்டு. ஒரு பகுதியில் ஓர் அணி ஐந்தாம் முறை பிழை செய்தால், அதுமுதல் பாதிக்கப்பட்டவர்க்கு இரண்டு தனி எறிவுகள் கிடைக்கும். தடுப்பவர் எவருமில்லை, தொலைவு 4.6 மீட்டர், ஐந்து நொடிகளுக்குள் எறிதல் வேண்டும். பயிற்சியில் பத்துக்கு எட்டை உள்ளே செலுத்தும் மாணவி, கால் தளர்ந்து மூச்சு வாங்க நிற்கும் அவ்வேளையில் இரண்டையும் தவறவிடக்கூடும். சோர்ந்த பின்னும் தனி எறிவு பயிலுமாறு பயிற்றுநர்கள் பணிப்பது இதனால்தான்.

ஒரே கூடை வேறுபாட்டில் உறுதியான பெருவெற்றி ஒன்று அண்மைக் காலத்தில் உண்டு. 2017 சூலையில் பெங்களூரில் நடைபெற்ற மகளிர் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதியாட்டத்தில் இந்திய அணி கசகசுத்தானை 75–73 என வென்று, 'ஏ' பிரிவுக்கு உயர்ந்தது. அவ்வணியில் ஆடியவர் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. பத்தொன்பதாம் வயதிலேயே இந்திய அணித் தலைவரானவர். தாயான பின்னர் மீண்டும் களத்துக்குத் திரும்பியவர். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மாலைப் பேருந்து

ஊரகக் கல்லூரி மாணவி இந்த உயரத்தை எட்டும் வழி நீண்டது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் சிறந்து விளங்குவோர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாவர். அவ்வணி தென்மண்டலப் போட்டியில் ஆடும். அதில் முன்னிலை பெற்றால் அனைத்திந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குச் செல்லும். அங்குப் பெறும் சான்றிதழ் வெறும் தாளன்று. தமிழக அரசுப் பணிகளில் தகுதிமிக்க விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. இரயில்வே போன்ற துறைகளும் விளையாட்டு வழி ஆள் எடுக்கின்றன. நெசவாளர் வீட்டு மகள் ஒருத்திக்கு, கால் இறுதியில் தோற்பதற்கும் வெல்வதற்கும் உள்ள வேறுபாடு ஒரு வேலையாகவே இருக்கக்கூடும்.

ஆனால், பலரது பயணம் போட்டிக்கு முன்னரே நின்றுவிடுகிறது. சிமென்டுத் தரையில் பயின்றவர்கள் மரத்தளம் பாவிய உள்ளரங்கில் ஆடும்போது பந்தின் துள்ளலும் காலின் பிடிப்பும் மாறித் தடுமாறுவர். நல்ல காலணியின் விலை சில குடும்பங்களில் ஒரு வார ஊதியம். எல்லாவற்றினும் பெரிய தடை, மாலைப் பயிற்சி முடிந்து ஊர் சேர்வதற்குள் இருட்டிவிடும் என்பது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் மறுநாள் முதல் மகளை அனுப்பமாட்டோம் என்று சொல்லும் பெற்றோரைக் குறை கூறுவதற்கில்லை. அவர்தம் அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதனால் உடற்கல்வி இயக்குநர் சிலர் பயிற்சியை வகுப்புகளுக்கு முன்னரே, காலையில் வைத்துக்கொள்கின்றனர். ஆறரை மணிக்குக் களத்தில் நிற்க வேண்டுமாயின் மாணவி ஐந்து மணிக்கு எழ வேண்டும்; அவளுக்கு உணவு கட்டித்தர வீட்டில் மற்றொருவர் நான்கரைக்கே எழுந்திருப்பார்.