காந்தமும் கிணற்று மோட்டாரும்

நார்த்தாமலைக்குச் செல்லும் அன்பர்கள் மேலமலை ஏறி விஜயாலய சோழீச்சரத்தைக் கண்டு திரும்புவர். அப்பாறைமீது நின்று கீழே நோக்கினால், வயல்களுக்கு இடையே சிறு சிறு மோட்டார்க் கொட்டகைகள் தென்படும். முற்காலத்தில் வணிகர் குழுவினர் கூடி வாழ்ந்த ஊர் இது. 'நகரத்தார் மலை' என்பதே நார்த்தாமலை என மருவிற்று என்பர். கூடித் தொழில் செய்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று.

அப்பக்கத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். தவணை தவறியோர் பட்டியலில் ஓர் அங்கத்தினரின் பெயர் மீண்டும் இருந்தது. முந்தைய அறிக்கையில் அவரைக் 'கடன் செலுத்துவதில் அக்கறையற்றவர்' என்று நாமே குறித்திருந்தோம். அன்று அவர் நேரில் வந்தார். "ஐயா, ஒரே வருஷத்தில் மோட்டார் காயில் இரண்டு தடவை எரிந்துபோயிற்று. தவணைக்கு வைத்திருந்த பணம் காயில் கட்டவே சரியாய்ப் போயிற்று, தண்ணீர் இல்லாமல் கடலையும் காய்ந்தது" என்றார். நாம் எழுதிய சொல் நம்மையே சுட்டது. அவர் அக்கறையற்றவர் அல்லர்; மோட்டார் ஏன் எரிந்தது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காந்தம் இரும்பை இழுக்கும் என்பது நம் முன்னோர் அறிந்ததே. சைவ சித்தாந்த நூல்கள் அதை உவமையாகவே கையாளுகின்றன. ஆனால் காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. 1820-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு விஞ்ஞானி ஏர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகில் திசைகாட்டியின் ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரம் ஓடும் கம்பி தானே காந்தமாகிறது என்பது அதனால் விளங்கிற்று.

அவ்வாறாயின் காந்தத்தால் மின்சாரத்தை உண்டாக்க இயலாதா? இவ்வினாவுக்கு விடை கண்டவர் இங்கிலாந்தின் மைக்கேல் பாரடே. அவர் கருமானின் மகன். புத்தகம் கட்டும் தொழிலைப் பயின்றவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு பெற்றவர். 1831-ஆம் ஆண்டில், நெசவாளர் தார் சுற்றுவது போலக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதனுள் காந்தத்தைச் செலுத்தினார். காந்தம் நுழையும்போதும் வெளிவரும்போதும் கம்பியில் மின்சாரம் தோன்றிற்று. அசையாது நின்றபோது ஒன்றுமில்லை. காந்தம் வெறுமனே இருந்தால் போதாது, அதன் வலிமை சுருளினுள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இதுவே மின்காந்தத் தூண்டல்.

1932-இல் பைக்காராவிலும் 1937-இல் மேட்டூரிலும் நீரின் விசையால் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது இவ்விதியைக் கொண்டே. அனல் நிலையமும் காற்றாலையும் அவ்வாறே. சூரிய ஒளித் தகடு இதற்கு விலக்கு.

இனி மோட்டாருக்கு வருவோம். அதன் வெளிக்கூட்டில் மூன்று தொகுதிச் சுருள்கள் உண்டு. மும்முனை மின்சாரம் அவற்றில் ஒரே கணத்தில் உச்சம் அடைவதில்லை; ஒன்றன்பின் ஒன்றாக அடைகிறது. செக்கைச் சுற்றி மூவர் நின்று மாறி மாறித் தள்ளுவதாகக் கொள்க. அவ்வாறே, உள்ளே ஒரு காந்தப் புலம் சுழல்கிறது. நடுவிலுள்ள உருளைக்கோ எந்தக் கம்பியும் இணைக்கப்படவில்லை. சுழலும் புலம் அதனுள் மின்சாரத்தைத் தூண்டுகிறது. அதனால் உருளையும் காந்தமாகிப் புலத்தின் பின்னே ஓடுகிறது. ஆயினும் அதை எட்டிப் பிடிப்பதில்லை. பிடித்துவிட்டால் மாற்றம் நின்றுவிடும். மாற்றம் நின்றால் தூண்டலும் நின்றுவிடும். பல மோட்டார்களின் தகட்டில் நிமிடத்துக்கு 1440 சுற்று எனப் பொறித்திருக்கும். உள்ளே காந்தப் புலம் சுற்றுவது 1500.

ஓடும் மோட்டாருக்கு ஒரு முனை அற்றுவிட்டால் என்ன நேரும்? அது உடனே நிற்பதில்லை. அங்கேதான் ஆபத்து இருக்கிறது. எஞ்சிய இரு கம்பிகள் முழுச் சுமையையும் தாங்க முற்பட்டு, ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு மின்சாரத்தை இழுக்கின்றன. வெப்பமோ மின்சாரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால் மூன்று மடங்காகிறது. கம்பியின் மேற்பூச்சு கருகி, காயில் எரிகிறது. நின்ற மோட்டாரை இந்நிலையில் இயக்கினால் அது சுழலாமல் உறுமும்; அப்போது கேடு இன்னும் விரைவு. நம் அங்கத்தினர், மும்முனை மின்சாரம் இல்லாத வேளையிலும் பயிர் வாடுகிறதே என்று, பிரிவெண்டர் எனப்படும் தடுப்புக் கருவியைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கிறார். அக்கருவி தடையன்று, காவல்.

ஆகவே அன்பர்கள் கவனிக்க வேண்டியவை சில. பிரிவெண்டரைக் கழற்றலாகாது. ஃபியூஸில் தடித்த கம்பியைக் கட்டலாகாது. மோட்டார் உறுமினால் அக்கணமே நிறுத்துக. மின்கம்பியில் பழுதுபார்த்த பின் நீர் குறைந்து வந்தால், இரு முனைகள் இடம் மாறி மோட்டார் எதிர்ப்புறம் சுற்றக்கூடும். வயர்மேனை அழைத்துச் சரிசெய்க. விசைத்தறி உடையோருக்கும், அவர்களுடையது மும்முனை மோட்டாராயின், இவை பொருந்தும்.

அச்சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இவற்றை எடுத்துரைத்தோம். அந்த அங்கத்தினரைப் பற்றி எழுதிய குறிப்பையும் திருத்தினோம். கூட்டத்தில் ஒரு முதியவர், "மூன்று பேர் ஜாமீன் போட்ட கடனில் ஒருவர் நழுவினால் மற்ற இருவர் வேகிற கதைதானே இது!" என்றார். நம் விளக்கம் முழுவதையும்விட அவ்வொரு வாக்கியமே கூட்டத்தாருக்கு நன்கு விளங்கிற்று.