காசுப் பதிவின் நிறைவும் மெலிவும்

அச்சில் வெட்டப்பெற்ற உரு மாழை வில்லையின்மீது எவ்வளவு முழுமையாக ஏறியிருக்கிறது என்பதே ஒரு காசின் பதிவு எனப்படும். எஃகால் ஆன மேலச்சுக்கும் கீழச்சுக்கும் இடையே, பூண் என்னும் வளையத்துக்குள், வெற்று வில்லை அமர்கிறது. அச்சுகள் இறுகும் நொடியில் மாழை உருகாமலே ஓடி, அச்சின் குழிகளுள் புகுந்து மேடாகிறது. ஆதலால் காசில் மிக உயர்ந்து நிற்கும் இடம் அச்சில் மிக ஆழ்ந்த குழியாகும்; மாழை இறுதியாகச் சென்று நிரப்ப வேண்டிய இடமும் அதுவே. விசை போதாதபோது முதலில் குறைபடுவதும் அவ்விடமே. காசு திரட்டுவோர் பதிவைப் பற்றி ஆளும் சொற்கள் அனைத்தும் இவ்வொரு நெறியிலிருந்து கிளைத்தவை. அக்கசாலை, அச்சு, வார்ப்பு, உரைகல் என மாழைத்தொழிற் சொற்களைப் பண்டே ஆக்கி வைத்திருக்கும் மொழி, இத்துறைக்கும் தன் சொற்களைத் தயக்கமின்றித் தரும்.

நுண்கோடுகள் யாவும் எழுந்து நின்றால் நிறைபதிவு. அவற்றுள் சில மட்டும் மங்கினால் நடுப்பதிவு. மேட்டின் தலைப்பகுதியே மழுங்கிக் கிடந்தால் மெலிபதிவு. அச்சுகளிடையே இடைவெளி மிகுதலாலும், வில்லையைச் சூடேற்றி இளக்கும் பதனீடு போதாமையாலும், வில்லையின் எடை குறைதலாலும் மெலிவு நேரும். இருபுறத்து ஆழ்குழிகள் ஒன்றுக்கொன்று நேரெதிரே அமைவது மற்றொரு கரணியம். எண்ணிப் பார்க்க மிகவும் தக்கது அதுவே. அமெரிக்க அக்கசாலைகள் 1878 முதல் வெளியிட்ட மார்கன் வெள்ளி டாலரில், விடுதலைமங்கையின் செவிக்கு மேலுள்ள கூந்தலும் பின்புறத்துக் கழுகின் மார்பும் முதுகோடு முதுகாக நிற்கின்றன. இரு குழிகளும் ஓரிடத்து மாழையையே வேண்டி நிற்பதால், விசை தளரும்போது இரண்டும் ஒருங்கே குறைபடுகின்றன. நியூ ஆர்லியன்சு அக்கசாலையின் பல ஆண்டுக் காசுகளில் இம்மெலிவைக் காணலாம்; 1880-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிசுக்கோவில் அடிக்கப்பட்டவையோ மார்பிறகு தெளிந்து நிற்கும் பதிவுக்குப் பெயர் பெற்றவை. 1921-இல் வந்த அமைதி டாலரில் மேடு மிக உயர்ந்தமையால் நடுக்கூந்தல் நிரம்பவில்லை. அடுத்த ஆண்டே மேட்டைத் தாழ்த்தினர்.

மங்கல் எல்லாம் மெலிபதிவு ஆகிவிடாது. கைபட்டுக் கைபட்டு உயர்மேடு மழுங்குவது தேய்வு. வில்லைகளை இடைவிடாது அடித்து அச்சே கூர்மை இழப்பது அச்சுத்தளர்வு. மூன்றும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும், மூன்றுக்கும் சான்று வேறு. செபர்சன் ஐந்து சென்ட் காசு ஒன்றை உருப்பெருக்கியின்கீழ் வைத்து, பின்புறத்து மாண்டிசெல்லோ மனையின் படிகளைப் பாருங்கள். காசைச் சாய்த்துத் திருப்பும்போது சுழன்றோடும் ஒளி, படிகள் மங்கிய இடத்தில் அறுந்து, நிறமும் மாறியிருந்தால் அது தேய்வு. ஒளி அறாமல் ஓட, மங்கிய இடத்தில் மட்டும் ஒழுங்கற்ற நுண்வடுக்கள் தென்பட்டால் அது மெலிபதிவு. அவை அடிபடுமுன்பே வெற்று வில்லையில் இருந்தவை, மாழை அச்சுக்குழியின் அடியைத் தொட்டிருந்தால் அழிந்து போயிருக்கும். விளிம்பை நோக்கிக் கதிர்போல் விரியும் ஓட்டக்கோடுகள் மிகுந்து, எழுத்துகளும் விளிம்புப்புறம் இழுபட்டிருப்பின், விசை நிறைந்திருந்தும் அச்சு தளர்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். இம்மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்து விலை கூறுவது வாங்குவோர்க்கு இழைக்கும் தீங்கு.

சிறப்பச்சுக் காசு என்பது இவ்வரிசையில் சேராது. மெருகேற்றிய அச்சுகொண்டு மெருகேற்றிய வில்லையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து ஆக்கும் முறையின் பெயர் அது; புழங்கித் தேய்ந்தாலும் சிறப்பச்சுக் காசு சிறப்பச்சுக் காசே.

மெலிவு முதலில் தோன்றும் இடம் ஒவ்வொரு காசுக்கும் நிலையானது. ஆகவே அவ்விடத்தையே உரைகல்லாகக் கொள்ளும் வழக்கு அமெரிக்கத் திரட்டுநரிடையே வேரூன்றியது. செபர்சன் காசில் ஐந்து படிகளேனும் இடையறாது தெரிந்தால் படிநிறை. 1916 முதல் 1945 வரை வந்த மெர்க்குரி பத்து சென்ட் காசில், கழிக்கற்றையை நடுவே இறுக்கும் இரு வார்களும் முழுதும் பிரிந்து நின்றால் கட்டுநிறை. பிராங்க்ளின் அரை டாலரில் மணியின் கீழ்க்கோடுகள் அறாது ஓடினால் மணிநிறை. செம்பு 75, நிக்கல் 25 விழுக்காடு கலந்த மாழை வெள்ளியைவிட வன்மை மிக்கது. அதனால் செபர்சன் காசில் படிநிறை அருகுவது இயல்பே. மெர்க்குரியோ வெள்ளிக் காசு. அங்ஙனமிருந்தும், 1945-இல் பிலடெல்பியாவில் ஏறத்தாழ 16 கோடி அடிக்கப்பட்டவற்றுள் கட்டுநிறை மிக அரிது. புதுமை குன்றாத பொதுக்காசு எளிய விலைக்குக் கிடைக்க, அதே ஆண்டின் கட்டுநிறைக் காசுக்குப் பன்மடங்கு விலை ஏறுகிறது.

எனினும் இவ்வுரைகல் ஓரிடத்தை மட்டுமே அளப்பது. மணிநிறை பெற்ற பிராங்க்ளின் காசின் முன்புறத்தில் கூந்தல் மங்கியிருக்கலாம். தரம் மதிப்பிடுவோர் காசுக்குத் தரும் சான்றுச்சீட்டு அதைச் சொல்லாது. ஆதலால் ஓரிடநிறை, முழுநிறை என இரு சொற்களை வேறுவேறாக ஆள்வதே முறை. படியோ வாரோ மணியோ தெளிந்திருப்பது ஓரிடநிறை. முன்னும் பின்னும், நடுவும் விளிம்பும் ஒருசேர நிரம்பிய காசுக்கே முழுநிறை என்னும் பெயரை வழங்க வேண்டும்.